நிறவெறிக்குத் துணைபோன சபையின் பழைய விசுவாசத்தை இன்று எப்படிப் பிடித்துக்கொள்வது?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் இருக்கிறீர்கள். மகன் டர்பனில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். வீட்டுக்கு வந்தால் அவர் சொல்வது இது: "இதே பைபிளைக் காட்டித்தான் இந்த நாட்டுச் சபைகள் நிறவெறியை நியாயப்படுத்தின. இப்போது அதே பைபிளைக் காட்டி என்கூடப் படிக்கிற தன்பாலீர்ப்புள்ள நண்பனைத் தள்ளிவைக்கச் சொல்கிறீர்கள். அன்றும் தப்பு, இன்றும் தப்பு. இயேசுவின் அன்பு போதும், மற்றதை விட்டுவிடலாம்." காலத்துக்கு ஏற்ப நாமும் மாறிக்கொள்ளத்தான் வேண்டுமா, அல்லது பழைய விசுவாசத்தை விடாமல் இந்த நாட்டில் வாழ வழி உண்டா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் அதற்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. உறுதியாக நின்றால் பிள்ளை கையைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயம் அது.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, மதுரை அரசரடியில் இறையியல் படித்து, டர்பனுக்கு வந்து, போதகர் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குத் திருச்சபை வரலாறு கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அதனால் வரலாற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். சட்டத்தைப் பற்றி ஒரு குடிமகன் அறிந்த அளவுதான் பேச முடியும். உங்கள் மகனை நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றிச் சொல்வதை ஒரு பெரியவரின் யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் மகன் சொல்லும் வரலாறு உண்மை. அதை மறுத்துப் பேசாதீர்கள். ஆனால் அது பாதி வரலாறு. மீதிப் பாதி தெரிந்தால் அதே சம்பவங்கள் வேறு விதமாகத் தெரியும். 1829இல் கேப் பகுதி டச்சு சீர்திருத்தச் சபையின் சினாடில், அதாவது சபைப் பிரதிநிதிகளின் பொதுக்கூட்டத்தில், ஒரு கேள்வி வந்தது: நிறத்தில் வேறுபட்டவர்களுக்குத் திருவிருந்தைத் தனியாகக் கொடுக்கலாமா? கூடாது, நிறமோ பிறப்போ பாராமல் எல்லோருக்கும் ஒன்றாகவே கொடுக்க வேண்டும் என்று அந்த சினாடு தீர்மானித்தது. இருபத்தெட்டு வருடம் கழித்து, 1857இல், அதே சபையின் சினாடு ஒரு விலக்கு கொடுத்தது. சேர்ந்து ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டு, அதே வாக்கியத்தின் தொடர்ச்சியில் "சிலருடைய பலவீனத்தினிமித்தம்" தனி இடத்தில் ஆராதனை நடத்திக்கொள்ளலாம் என்றது. அந்தப் பலவீனம் என்ன? கறுப்பரோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மனமில்லாத வெள்ளைக்காரர்களின் மனப்பான்மை. விலக்கு பழக்கமானது, பழக்கம் அமைப்பானது. 1881இல் 'நிறத்தவர்' என்று அழைக்கப்பட்ட கலப்பினத்தவருக்கென்று தனிச் சபை வந்தது. 1968இல் நம் இந்தியர்களுக்கென்றே தனியாக ஒரு சீர்திருத்தச் சபையைப் பிரித்துக் கொடுத்தார்கள். உபதேசம் கடைசியாகத்தான் வந்தது. 1974இல் வெளியான அவர்களுடைய அறிக்கை பாபேல் கோபுரக் கதையைக் காட்டி, இனங்கள் தனித்தனியாக வாழ்வதற்கு வேதத்தில் ஆதாரம் தேடியது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் இருந்தது சரியான உபதேசம். பிறகு சமுதாயத்தின் நெருக்கடி வந்தது. சபை வளைந்து கொடுத்தது. வளைந்ததை நியாயப்படுத்த நூறு வருடம் கழித்து வசனம் தேடினார்கள். "காலத்தோடு ஒத்துப்போங்கள், ஜனங்கள் இப்படித்தான் இருக்கிறார்கள்" என்பதுதான் 1857இன் வாதம். நிறவெறி இறையியல், பழைய விசுவாசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால் வந்த கேடு என்று மகன் நினைக்கிறார். நான் படித்த வரையில், அந்த விசுவாசத்தைக் கைநழுவ விட்டதால் வந்த கேடு அது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகினார். பவுல் முகத்துக்கு நேராக அவரைக் கண்டித்தார். கலாத்தியர் 2ஆம் அதிகாரம். பந்தியைப் பிரிப்பது சுவிசேஷத்தையே தொடுகிற காரியம் என்பது பவுலின் வாதம். 1829இன் சினாடு பவுலின் பக்கம் நின்றது. 1857இன் சினாடு பந்தியைவிட்டு எழுந்துபோன பேதுருவின் பக்கம் போய்விட்டது.

இதைத் திருத்தியவர்களையும் பாருங்கள். ஷார்ப்வில்லில் கறுப்பர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய 1960இலேயே, டிசம்பரில், ஜோகன்னஸ்பர்க்கின் காட்டஸ்லோவில் சபைகள் கூடி, இனத்தின் பெயரால் யாரையும் எந்தச் சபையிலிருந்தும் விலக்கக் கூடாது என்று அறிக்கை விட்டன. அரசாங்கம் சீறியது, டச்சு சீர்திருத்தச் சபையின் சினாடுகள் பின்வாங்கின. பின்வாங்க மறுத்த அந்தச் சபையின் போதகர் பேயர்ஸ் நோடே தன் போதக ஊழியத்தையே இழந்தார். 1977இல் அரசு அவர்மேல் தடையுத்தரவு போட்டு ஏழு வருடம் வாயடைத்தது. 1982இல் ஒட்டாவாவில் கூடிய உலக சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பதைக் கள்ள உபதேசம் என்று அறிவித்தது. 'கள்ள உபதேசம்' என்பதே பழைய விசுவாசம் உள்ளவர்கள் மட்டும் வைக்கக்கூடிய குற்றச்சாட்டு. அதே வருடம் கேப் டவுனுக்குப் பக்கத்தில் பெல்ஹாரில், அந்த 1881இன் தனிச் சபையே ஒரு விசுவாச அறிக்கையை எழுதியது. 1986இல் அதை முறையாக ஏற்றுக்கொண்டது. அந்த அறிக்கை பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேக தேவனை அறிக்கையிட்டுத் தொடங்கி, சபையின் ஒருமை, ஒப்புரவு, நீதி என்று போய், இயேசுவே கர்த்தர் என்று முடிகிறது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களை ஒதுக்கிய சபைக்கு எதிராக, அதே சபை கற்றுக்கொடுத்த மிகப் பழைய உபதேசத்தைக் கையில் எடுத்தார்கள். புதுக் கிறிஸ்து யாரும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நிறவெறியை ஆதரித்தவர்களும் ஞாயிறுதோறும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னார்கள். வாயால் சொல்வது யாரையும் காப்பாற்றவில்லை. அநீதியை எதிர்த்தவர்களில் கிறிஸ்தவரல்லாதோர் ஏராளம். 1946இல் டர்பனில் இந்தியர்கள் தொடங்கிய சாத்வீகப் போராட்டத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் கம்யூனிஸ்டுகளும், நம் சபைகளில் பல ஜெபத்தோடு நிறுத்திக்கொண்டபோது, சிறைக்குப் போனார்கள். நம் தமிழ்ச் சபைகளுக்கும் இதில் பெருமைப்பட இடமில்லை. என் ஊர்ப் பக்கத்து வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோவிலுக்குள்ளேயே ஜாதியைப் பிரிக்கும் சுவர் இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள். ஜாதிக்கொரு கல்லறைத் தோட்டம் தமிழ்நாட்டில் இன்றும் பல ஊர்களில் உண்டு. "சிலருடைய பலவீனம்" நமக்கும் நன்றாகத் தெரிந்த சங்கதி. இதை மகனிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

சரி, அப்படியானால் பழையவற்றில் எதைப் பிடிப்பது, எதை விடுவது? என் வகுப்பில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இது. நடுமையத்தில் என்ன இருக்கிறது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதைத் தானும் பெற்றுக்கொண்டே ஒப்புவித்ததாகப் பவுல் 1 கொரிந்தியர் 15இல் எழுதுகிறார். சிலுவைச் சம்பவத்துக்குச் சுமார் இருபத்தைந்து வருடத்துக்குள் எழுதிய கடிதம் அது. அவர் பெற்றுக்கொண்டது அதற்கும் முந்தியது. நிசேயாவில் 325இலும் கொன்ஸ்தாந்தினோப்பிளில் 381இலும் சபை அறிக்கையிட்டதும் இதன் விரிவுதான்: படைத்த தேவன், மனிதரான குமாரன், பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பட்ட பாடு, உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு, பாவமன்னிப்பு, மரித்தோரின் எழுச்சி. கிரேக்கர், சிரியர், எத்தியோப்பியர், ரோமர், பிற்பாடு நம்மவர் என்று இத்தனை மொழிக்காரரும் கைக்கு வாங்கிக் கைக்குக் கொடுத்தது இது. இதை விட்டுவிட்டு "இயேசுவின் அன்பு" மட்டும் போதும் என்றால், அந்த இயேசு யார், அவருடைய அன்பு ஏன் மரணத்தோடு முடியவில்லை என்பதற்குப் பதிலே இருக்காது.

இதற்கு வெகு தொலைவில் இருப்பவை பொட்டு, பூ, மூக்குத்தி, ஆலயத்துக்குப் போடும் உடை, மேளம் வாசிக்கலாமா, தமிழில் பாடுவதா ஆங்கிலத்தில் பாடுவதா என்ற சண்டைகள். இவற்றில் எனக்கும் சொந்த விருப்பங்கள் உண்டு. ஆனால் உயிர்த்தெழுதலைச் சொன்ன அதே குரலில் மூக்குத்தியையும் சொன்னால், பிள்ளை மூக்குத்தி விஷயத்தில் நம்மைத் தப்பென்று கண்டுபிடிக்கும் நாளில் உயிர்த்தெழுதலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறான். சபையைவிட்டுப் போன இளைஞர்களிடம் பேசியபோது பெரும்பாலும் நான் கண்டது இதைத்தான்.

திருமணம் பற்றிய உபதேசம் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது, சிரமமும் அதனால்தான். விசுவாசப் பிரமாணத்தில் அது இல்லை. ஆனால் ஊர்ப்பழக்கம் என்று ஒதுக்கவும் முடியாது. மத்தேயு 19இல் இயேசுவே அதை ஆதியில் ஆணும் பெண்ணுமாகப் படைத்ததோடு சேர்த்துப் பேசுகிறார். திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்ற சபையின் பழைய போதனையை நான் நம்புகிறேன், அதை மறைக்கவில்லை. இதில் மாறுபடும் கிறிஸ்தவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெல்ஹார் அறிக்கையின் முக்கியக் குரல்களில் ஒருவரான ஆலன் பூசாக், அந்த அறிக்கையின் நியாயப்படி தன்பாலீர்ப்புள்ளவர்களை முழுமையாக ஏற்க வேண்டும் என்று 2008இல் தன் சபையின் சினாடில் வாதாடி, அது எடுபடாதபோது பொறுப்புகளிலிருந்து விலகினார். டச்சு சீர்திருத்தச் சபை 2015இல் ஒரே பாலின இணைவுகளை ஏற்று ஒரு முடிவெடுத்து, 2016இல் அதை மாற்றி, 2019இல் உயர்நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்துசெய்தது. ஆகவே, உண்மையான கிறிஸ்தவர் யாரும் இதில் வேறு கருத்து வைத்திருக்க மாட்டார் என்று மகனிடம் சொல்லாதீர்கள். அது உண்மையல்ல என்பது அவருக்கே தெரியும்.

நிறவெறியையும் இதையும் ஒரே தட்டில் வைக்கலாமா? கூடாது என்பது என் முடிவு. நிறவெறி உபதேசம் ஒரு நாட்டில், ஒரு நூற்றாண்டில் முளைத்தது. அந்தச் சபையின் சொந்த விதிக்கே விரோதமானது. மற்ற நாட்டுச் சபைகள் அதைக் கண்டித்தன. திருமணம் பற்றிய போதனையோ கிழக்கிலும் மேற்கிலும் எல்லா நூற்றாண்டிலும் இருந்துவந்தது. பழமை மட்டும் போதுமா என்று மகன் கேட்டால், அது நல்ல கேள்வி, தட்டிக்கழிக்க வேண்டாம். அடிமைமுறையைச் சபை பல நூற்றாண்டு சகித்துக்கொண்டது. நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரி மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவதைக் கண்டித்துப் பிரசங்கித்தார், ஆனாலும் சபையில் பெரும்பாலோர் கேட்கவில்லை. சகித்துக்கொண்டதற்கும் விசுவாசமாகக் கற்பித்ததற்கும் வித்தியாசம் உண்டு என்பது என் பதில். என்னைத் திருப்திப்படுத்தும் பதில் அது. எல்லோரையும் திருப்திப்படுத்தும் என்று சொல்ல மாட்டேன்.

சட்டத்தைப் பற்றிச் சபைகளில் பரவும் பயத்தில் பெரும்பகுதி தேவையற்றது. 1996இன் அரசியல் சாசனம் 9ஆம் பிரிவில் பாலீர்ப்பின் பேரில் பாரபட்சம் கூடாது என்கிறது, 15ஆம் பிரிவில் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. 2005 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2006 நவம்பர் 30இல் ஒரே பாலினத் திருமணத்துக்கான சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் திருமணம் நடத்த விரும்பும் சபைதான் அதற்கு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். விரும்பாத போதகரை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. 2020இல் நீக்கப்பட்டது அரசு அலுவலர்கள் மறுக்கலாம் என்ற விலக்குதான். ஆலயங்களை மூடப்போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பிள்ளையிடம் பேசினால், நம் மற்ற வார்த்தைகளுக்கும் மதிப்புப் போய்விடும்.

மகனின் நண்பனைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நம் தேசியப் பெண்கள் கால்பந்து அணியில் ஆடிய யூடி சிமெலானே, தன் தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன பெண், 2008இல் குவாதெமாவில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட வன்முறை இந்த நாட்டில் இன்னும் ஓயவில்லை. பழைய போதனையைப் பிடித்திருக்கும் சபை, அந்தப் பையனைப் பற்றிய கேலிக்கு முதலில் எதிர்ப்புச் சொல்ல வேண்டும், அவன் அடிபடும் ஆபத்து வந்தால் முதலில் கதவைத் திறக்க வேண்டும். அவனும் தேவசாயலில் படைக்கப்பட்டவன் என்பதும் அதே பழைய போதனைதான், ஆதியாகமம் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. இதைச் செய்யாத சபைக்குத் திருமணத்தைப் பற்றிப் பேசத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அது என்னை அதிகம் வருத்துகிறது. வரலாற்று விசுவாசத்துக்குப் பெரிய ஆபத்து பல்கலைக்கழகத்திலிருந்து வருவதாக நம்மவர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரையில் அது நம் சொந்தக் கூட்டங்களுக்குள் மைக் பிடித்து நிற்கிறது. விதைப்புக் காணிக்கை போட்டால் வீடு வரும், கார் வரும், விசா கிடைக்கும் என்ற பிரசங்கத்துக்கு சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஆமென் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! புல்லைத் தின்னவைத்த, பாம்பைத் தின்னவைத்த போதகர்களின் செய்தி வந்த பிறகுதான், மத, பண்பாட்டு உரிமைகளுக்கான அரசு ஆணையம் 2015இல் விசாரணையைத் தொடங்கியது. லிம்போப்போவில் ஜனங்களின் முகத்தில் பூச்சிமருந்து அடித்த ஒருவரை 2018இல் நீதிமன்றம் குற்றவாளி என்றது. இவை எல்லை மீறிய உதாரணங்கள், சரி. ஆனால் மரியாதையான உடையில் வரும் செழிப்பு உபதேசமும் அதே வேரிலிருந்துதான் வருகிறது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்து இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங் கூலி, கரும்புக்காடு. இலங்கையில் ஊழியம் செய்து தமிழ் கற்ற மெதடிஸ்ட் மிஷனரி ரால்ஃப் ஸ்டாட் 1862இல் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்து அவர்களிடம் பிரசங்கித்தபோது, அவரால் கார் வாக்குக் கொடுக்க முடியாது. பாடுபட்டு, மரித்து, உயிர்த்தெழுந்த ஒருவரைத்தான் கொடுக்க முடிந்தது. அந்த விசுவாசத்தின் பேரப்பிள்ளைகள் நாம். உங்கள் மகன் சபையில் பொய்யை மணம்பிடித்திருந்தால், அதில் கொஞ்சம் இதுவாகவும் இருக்கலாம்.

வெறுக்காமல் மாறுபட்டு வாழ்வது நேட்டால் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிதல்ல. இங்கே பெரிய வெள்ளிக்கிழமை அன்றுதான் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் கூட்டம் அலைமோதும். தோட்டத்தில் விடுமுறை கிடைத்த நாள் அதுதான் என்பார்கள். ஒரே குடும்பத்தில் அக்கா அங்கே நேர்த்திக்கடன் செலுத்த, தங்கை சிலுவைப் பாடுகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனைக்குப் போவாள். இருவரும் ஒருவர் நம்பிக்கையை ஒருவர் சரியென்று சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் பிள்ளைகளின் கல்யாணத்துக்கும் வீட்டுச் சாவுக்கும் இருவரும் வந்து நிற்பார்கள். கிறிஸ்துவே வழி என்று நம்பிக்கொண்டே பெரியம்மா வீட்டில் சாப்பிட்ட ஜனம் நாம். அந்தப் பழக்கத்தை மகனின் நண்பன் விஷயத்தில் ஏன் மறக்க வேண்டும்? அவனை ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். அன்றைக்கு யாரும் பிரசங்கம் செய்ய வேண்டாம்.

மகனிடம் பேசும்போது, சபை செய்த தப்பைப் பற்றி நீ சொல்வது சரி என்று ஆரம்பியுங்கள். பிறகு 1857இன் தீர்மானத்தையும் பெல்ஹார் அறிக்கையையும் இருவரும் சேர்ந்து வாசியுங்கள், ஆங்கிலத்தில் சுலபமாகக் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து சில பக்கம்தான். இதில் யார் காலத்தோடு ஒத்துப்போனார்கள், யார் பழைய விசுவாசத்தில் நின்றார்கள் என்று அவரையே சொல்லவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் விவாதம் வேண்டாம், தனியாக நடக்கப் போகும்போது பேசுங்கள். 1 பேதுரு 3:15 விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது, சாந்தத்தோடு சொல்லவும் சொல்கிறது. முதல் பாதியை நாம் மனப்பாடம் செய்துவிட்டோம்.

அப்புறம், ஒரு விஷயத்தை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அது தெளிவாக இல்லை. அவருக்குச் சபையின் மேல் கோபமா, அல்லது இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதையே நம்ப முடியவில்லையா? கோபம் என்றால் நான் மேலே எழுதியது உதவலாம், காலமும் உதவும். இரண்டாவது என்றால் திருமணத்தைப் பற்றியும் நிறவெறியைப் பற்றியும் இப்போதைக்கு எதுவும் பேச வேண்டாம். 1 கொரிந்தியர் 15ஐ முழுவதும் வாசித்து, எங்கே தடுக்கிறது என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதை அப்படியே இங்கே எழுதுங்கள், அதற்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன்.